ஜிம் போகாமல் கால்களை வலுவாக்க: ஒரு நாற்காலி, ஒரு படி, ஒரு முதுகுப்பை

‘தினமும் 100 ஸ்குவாட்’ என்று தொடங்குபவர்களுக்கு முதல் வாரம் மாடி ஏறவே முடியாத அளவுக்குத் தொடை வலிக்கும். மூன்றாவது வாரத்தில் வலி போய்விடும், முன்னேற்றமும் நின்றுபோகும். உடல் எடையை மட்டும் வைத்து நூறு தடவை உட்கார்ந்து எழுவது சீக்கிரமே தாங்குதிறன் பயிற்சியாக மாறிவிடுவதுதான் காரணம். பலம் கூட வேண்டுமானால் சுமை கூட வேண்டும். எண்ணிக்கை மட்டும் கூடினால் போதாது.

இன்னொரு குறையும் உண்டு, அது இதைவிடப் பெரியது. ஸ்குவாட் முன்தொடைக்கும் புட்டத்துக்கும் நல்ல வேலை கொடுக்கும். பின்தொடைக்கு அப்படி இல்லை. பின்தொடைத் தசைகள் இடுப்பு, முழங்கால் என்று இரண்டு மூட்டுகளையும் கடந்து போகின்றன. ஸ்குவாட்டில் இறங்கும்போது இடுப்புப் பக்கம் அவை நீள்கின்றன, முழங்கால் பக்கம் சுருங்குகின்றன. மொத்த நீளம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் வேலையும் குறைவு. ஆடுசதைக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. ஆகவே ஸ்குவாட் மட்டுமே செய்கிறவர் காலில் பாதிக்குத்தான் பயிற்சி கொடுக்கிறார்.

இங்கே சொல்லும் முறைக்குத் தேவையானவை: கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி, 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள ஒரு படி, இரண்டு தோள்வாரும் உறுதியாக இருக்கும் ஒரு முதுகுப்பை, ஒரு துண்டு, ஒரு சுவர். பைக்குள் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினால் எடைபோடும் கருவியே வேண்டாம்: ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ.

முதலில் அளந்து கொள்ளுங்கள்

மூன்று சோதனைகள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எண்களை எழுதி வையுங்கள். ஆறு வாரம் கழித்து ‘கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கிறது’ என்று ஊகிப்பதைவிட எண் தெளிவாகச் சொல்லும்.

முதலாவது, 30 நொடி நாற்காலிச் சோதனை. உட்காரும் பரப்பு தரையிலிருந்து ஏறத்தாழ 43 செ.மீ. இருக்கட்டும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் நழுவும். கைகளை மார்பின் மேல் குறுக்காக மடித்துக்கொண்டு, 30 நொடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து நின்று மறுபடி உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். கையை ஊன்றித்தான் எழ முடிந்தது என்றால் கணக்கு பூஜ்யம். முதியவர்கள் கீழே விழும் அபாயத்தை மதிப்பிட மருத்துவர்கள் பயன்படுத்தும் சோதனை இது. 60–64 வயதில் ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே என்று எடுத்துக்கொள்கிறார்கள். 70–74 வயதில் அது முறையே 12, 10. வயது நாற்பதுக்குள் இருந்தும் இந்த எண்களைத் தாண்டத் திணறுகிறீர்கள் என்றால் அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்தல். சுவரை விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு, முழங்காலை மடக்காமல், இரண்டு நொடிக்கு ஒன்று என்ற வேகத்தில் குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். உயரம் குறையத் தொடங்கியதும் எண்ணுவதை நிறுத்திவிட வேண்டும். 25 வந்தால் நல்ல பலம் என்பது பிசியோதெரபியில் நீண்ட காலமாக இருந்துவரும் அளவுகோல். வயது ஏற ஏற இது குறையும். எண்ணிக்கையைவிட இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். வலது 22, இடது 13 என்று வந்தால் அந்த இடதுகாலில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

மூன்றாவது கணுக்காலின் வளைவு. வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தி, கடைசியாகத் தொட முடிந்த இடத்தில் கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. அளவில் இருந்தால் போதும். 6, 7 செ.மீ. என்று வந்தால் ஸ்குவாட்டில் குதிகால் ஏன் தூக்குகிறது என்ற கேள்விக்கு இப்போதே பதில் கிடைத்துவிட்டது.

எவ்வளவு, எத்தனை தடவை

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள். நடுவில் 48 மணி நேரம் இடைவெளி. தசையை வலுவாக்கும் பயிற்சியை வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது செய்ய வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும். நடைப்பயிற்சி இதற்கு மாற்று ஆகாது. அது இதயத்துக்கும் நுரையீரலுக்குமான கணக்கில் தனியாகச் சேரும்.

ஒவ்வொரு பயிற்சியும் 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று. சுற்றுக்கு நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. இந்த ஓய்வைப் பலரும் சோம்பேறித்தனம் என்று நினைத்து 30 நொடியாகச் சுருக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அடுத்த சுற்றில் மூச்சுதான் முதலில் தீரும்; தசைக்குப் போதுமான வேலை கிடைக்காது. இறங்க மூன்று நொடி, கீழே ஒரு நொடி நிற்பு, பிறகு உதறாமல் மேலே.

எவ்வளவு சுமை? சுற்று முடியும்போது ‘இன்னும் இரண்டு தடவை செய்திருக்கலாம், மூன்றாவது வராது’ என்ற நிலையில் இருக்க வேண்டும். ‘இன்னும் பத்து வரும்’ என்றால் சுமை போதாது. கடைசி ஒன்றில் உடம்பு கோணி, பல்லைக் கடித்து எழுகிறீர்கள் என்றால் அதிகம். மூன்று சுற்றிலும் 12 தடவை, அதுவும் அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாட்களில் வந்துவிட்டால், ஒன்று அல்லது இரண்டு கிலோ கூட்டி மறுபடி 8-இலிருந்து தொடங்குங்கள்.

பை 15 கிலோவைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் அடுக்கிக்கொண்டே போவதைவிட, ஒற்றைக்கால் பயிற்சிக்கு மாறுவது புத்திசாலித்தனம். ஒரே காலில் நின்றாலே அந்தக் காலுக்குச் சுமை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். வீட்டில் செய்கிறவர்களுக்குக் கிடைக்கும் பெரிய சலுகை இது.

பயிற்சிக்கு முன் ஐந்து நிமிடம் வேகமாக நடந்து, சுமையில்லாமல் பத்து தடவை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும். நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்கை முன்னால் செய்ய வேண்டிய அவசியமில்லை.

ஸ்குவாட்: நாற்காலியை வைத்தே தொடங்குங்கள்

1. நாற்காலிக்கு முன்னால், தோள் அகலத்துக்குக் கால்களை விரித்து நில்லுங்கள். பாதம் 10 முதல் 30 பாகை வரை வெளிப்பக்கம் திரும்பியிருக்கலாம். சரியான கோணம் இடுப்பு எலும்பின் அமைப்பைப் பொறுத்தது. எந்தக் கோணத்தில் இடுப்பில் இடறாமல் இறங்க முடிகிறதோ அதுதான் உங்கள் கோணம்.
2. கட்டைவிரலின் அடிமேடு, சுண்டுவிரலின் அடிமேடு, குதிகால் ஆகிய மூன்று புள்ளியும் தரையை அழுத்தட்டும்.
3. பையை முதுகில் மாட்டாமல் மார்போடு அணைத்துப் பிடியுங்கள். முன்னால் இருக்கும் எடை பின்னால் சாயவிடாமல் தாங்கும்; நிமிர்ந்தபடி இறங்குவது எளிதாகும்.
4. இடுப்பையும் முழங்காலையும் ஒரே நேரத்தில் மடக்கி இறங்குங்கள். நாற்காலியைப் புட்டம் லேசாகத் தொட வேண்டும். பொத்தென்று உட்காரக் கூடாது.
5. மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு எழுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் அழுத்தம் வெகுவாக ஏறும்.

மூன்று வாரத்தில் நாற்காலியை எடுத்துவிட்டு, தொடை தரைக்கு இணையாக வரும்வரை இறங்கிப் பாருங்கள். அதற்குக் கீழே போகலாமா? கீழ்முதுகு சுருண்டு இடுப்பு உள்ளே மடங்கத் தொடங்கும் இடம்வரை போகலாம். சுமையோடு அந்த இடத்தைத் தாண்ட வேண்டாம். பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுத்தால் அந்த இடம் எதுவென்று உடனே தெரிந்துவிடும்.

‘முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது’ என்ற விதியை எல்லோரும் கேட்டிருப்போம். படியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் முழங்கால் விரலைத் தாண்டத்தான் செய்கிறது. அதை வலுக்கட்டாயமாகத் தடுத்தால் உடம்பு இன்னும் முன்னால் சாயும். முழங்காலில் குறைந்த பளு இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போய்ச் சேரும். ஆரோக்கியமான முழங்காலுக்கு இந்த விதி தேவையில்லை. முழங்கால் சில்லைச் சுற்றி ஏற்கெனவே வலி இருப்பவர்கள் மட்டும், வலி அடங்கும்வரை, ஆழத்தைக் குறைத்து, கணைக்காலை அதிகம் சாய்க்காமல் செய்யலாம். அது தற்காலிக ஏற்பாடுதான்.

தொடை எலும்பு உடலிலேயே நீளமானது. உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு. உங்கள் உயரத்துக்கு அது சற்று அதிக நீளமாக அமைந்திருந்தால், ஸ்குவாட்டில் மற்றவர்களைவிட அதிகமாக முன்னால் சாய்வீர்கள். தவறாகச் செய்கிறோமோ என்று குழம்ப வேண்டாம். எலும்பின் விகிதத்தைப் பயிற்சி மாற்றாது.

குதிகால் தூக்கினால் இரண்டு செ.மீ. தடிமனான பலகையைக் குதிகாலுக்கு அடியில் வைத்துச் செய்துகொண்டே, சுவரை முழங்காலால் தொடும் அந்தச் சோதனையையே தினம் ஒரு காலுக்கு 15 தடவை, இரண்டு சுற்று பயிற்சியாகச் செய்யுங்கள். எழும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சரிகின்றனவா? முதலில் சுமையைக் குறைத்துப் பாருங்கள், பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். பிறகு பாதத்தைப் பாருங்கள்: பாதத்தின் வளைவு சரிந்தால் முழங்காலும் அதன் பின்னாலேயே போகும். முழங்கால் இரண்டாவது, மூன்றாவது விரலின் திசையிலேயே நகர்ந்தால் சரி. மூட்டில் ‘கடக்’ என்று சத்தம் மட்டும் வந்து, வலியோ வீக்கமோ இல்லாவிட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஒற்றைக்கால் வேலை

ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்து இறங்கி எழுவது ஸ்பிளிட் ஸ்குவாட். இதில் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது பலமின்மையால் அல்ல, பாதம் வைக்கும் இடத்தால். முன்கால், பின்கால் இரண்டையும் ஒரே கோட்டில் வைத்தால் யாரானாலும் ஆடத்தான் வேண்டும். இரண்டு பாதத்துக்கும் பக்கவாட்டில் இடுப்பு அகலம் இடைவெளி கொடுங்கள். பின்முழங்கால் இறங்கும் இடத்தில் துண்டை மடித்துப் போடுங்கள். அதைத் தொட்டதும் எழ வேண்டும். எடையில் பெரும்பங்கு முன்காலில் இருக்க வேண்டும். பின்காலின் தொடைதான் எரிகிறது என்றால் அந்தக் காலை ஊன்றித் தள்ளி ஏமாற்றுகிறீர்கள் என்று பொருள்.

படியிறக்கம் இதைவிடக் கடினம், இதைவிடப் பயனுள்ளது. படியின் விளிம்பில் ஒரு காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று நொடியில் இறங்கி, தரையை உதைக்காமலே மேலே வாருங்கள். கண்ணாடி முன்னால் செய்யுங்கள்: இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கடைசி 3 செ.மீ. கட்டுப்பாடில்லாமல் தொப்பென்று விழுகிறது என்றால் படியின் உயரத்தைக் குறையுங்கள். 10 செ.மீ. தடிமனான உறுதியான பலகையிலிருந்து தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

எப்போதும் பலவீனமான காலை முதலில் செய்யுங்கள். அது 9 தடவையில் நின்றால் வலுவான காலும் 9-இல் நிற்கட்டும். பலவீனமான காலுக்கு ஒரு சுற்று கூடுதலாகக் கொடுக்கலாம்.

பின்தொடை

இடுப்பை மடக்கும் பயிற்சியை முதலில் பழக வேண்டும். சுவருக்கு முதுகைக் காட்டி, 20 செ.மீ. முன்னால் நில்லுங்கள். முழங்காலை லேசாகத் தளர்த்தி, அந்தக் கோணத்தை மாற்றாமல், புட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். முதுகு நேராக இருக்க, பின்தொடை இழுப்பது தெரியும். எளிதாகத் தொட முடிந்ததும் ஓர் அங்குலம் முன்னால் நகருங்கள். இது பழகியபின் பையை இரண்டு கையாலும் பிடித்து, தொடையை உரசியபடியே முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை இறக்கி ஏறுங்கள். பை தரையைத் தொட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தரையைத் தொடும் ஆசையில்தான் முதுகு வளைகிறது. இறங்க இறங்க முழங்கால் மடங்கிக்கொண்டே போனால் அது மறுபடி ஸ்குவாட்டாகிவிடும்.

இது தொடையின் மேல்பகுதிக்கு. முழங்காலை மடக்கும் வேலைக்கு வழுக்குப் பயிற்சி: வழவழப்பான தரையில் மல்லாந்து படுத்து, குதிகால்களுக்கு அடியில் துண்டை வைத்து, இடுப்பைத் தூக்குங்கள். இடுப்பு இறங்காமல் ஐந்து நொடியில் குதிகால்களை வெளியே நழுவவிடுங்கள். முதல் மூன்று வாரம் இந்த வெளிப்பாதி மட்டும் போதும். கால் நீண்டதும் இடுப்பைக் கீழே வைத்து, காலை மடக்கி மறுபடி தொடங்குங்கள். 6 தடவை, மூன்று சுற்று. பிறகு உள்ளே இழுக்கவும் முயலலாம். இது பார்க்கச் சாதாரணமாகத் தெரியும்; முதல் நாளே 12 செய்தால் மறுநாள் உட்கார நாற்காலியைத் தேட வேண்டியிருக்கும்.

இதில் பின்தொடை பிடித்து இழுப்பது வழக்கம்தான். தசை சுருங்கிய நிலையில் முழு பலத்தோடு வேலை செய்து பழக்கமில்லாததால் அப்படி ஆகிறது. குதிகாலைப் புட்டத்திலிருந்து இன்னும் பத்து செ.மீ. தள்ளி வைத்துத் தொடங்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆடுசதை: இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம்

ஆடுசதை என்று வெளியே தெரியும் இரட்டை மேடு முழங்காலுக்கு மேலே தொடங்குகிறது. அதற்கு அடியில் இன்னொரு தட்டையான தசை, முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே குதிகால் தசைநாரில் முடிகின்றன. முழங்காலை மடக்கினால் மேல்தசை தளர்ந்துவிடும். உள்தசைதான் சுமையைத் தாங்கும். நின்றபடி ஒரு பயிற்சி, உட்கார்ந்தபடி ஒரு பயிற்சி என்று இரண்டும் தேவைப்படுவது இதனால்தான். ஓடுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம்; பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான்.

நின்று செய்வது: படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கி, இரண்டு நொடி முழுதாக நில்லுங்கள். பிறகு இரண்டு நொடியில் மேலே. உச்சியில் ஒரு நொடி. கீழே நிற்கும் அந்த இரண்டு நொடியை விட்டுவிட்டால் பயிற்சியின் பாதி போனது போலத்தான். குதிகால் தசைநார் வில்லைப் போல ஆற்றலைச் சேர்த்து உடனே திருப்பித் தரக்கூடியது. வேகமாகக் குதித்துக் குதித்துச் செய்தால் அந்தத் தசைநார்தான் உங்களைத் தூக்குகிறது, தசை அல்ல. ஐம்பது, அறுபது செய்தும் ஆடுசதை மாறவில்லை என்கிறவர்களின் வீடியோவைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் தெரியும்.

இரண்டு காலில் 15 வந்ததும் ஒற்றைக்காலுக்கு மாறுங்கள். எடை கட்டைவிரலின் அடிமேட்டில் இருக்கட்டும். கணுக்கால் வெளிப்பக்கம் சாய்ந்து சுண்டுவிரலில் நிற்பது பரவலான தவறு. சுளுக்குக்கும் அதுவே வழி. ஒற்றைக்காலில் 12 தடவை மூன்று சுற்று வந்தபின் பையை மாட்டலாம். குதிகால் எலும்பில் தசைநார் ஒட்டும் இடத்திலேயே வலி இருப்பவர்கள் மட்டும் படியில் செய்ய வேண்டாம். குதிகாலைக் கீழே இறக்குவது அந்த இடத்தை நசுக்கும். சமதரையில் செய்யுங்கள்.

உட்கார்ந்து செய்வது: நாற்காலியில் முழங்கால் 90 பாகை மடங்கி இருக்க, கனமான பையை ஒரு தொடையில், முழங்காலை ஒட்டி வைத்துக் குதிகாலைத் தூக்குங்கள். 12 முதல் 15 தடவை. இந்தத் தசை பெரும் சுமைக்குப் பழகியது. 10 கிலோ விரைவிலேயே போதாமல் போகும்.

காலின் நாளங்களில் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வுகள் உண்டு. ஆடுசதை சுருங்கும்போது அந்த ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று அல்லது உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு மாலையில் கால் கனப்பதும் கணுக்கால் வீங்குவதும் இந்தப் பம்பு ஓடாததால்தான். அரை மணிக்கு ஒரு தடவை 20 முறை குதிகாலைத் தூக்கி இறக்குவது அதற்கு நேரடியான மருந்து. அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சிறு வேலைகள்

கணைக்காலின் முன்பக்கத்துக்கு: சுவரில் புட்டத்தைச் சாய்த்து, குதிகால்கள் சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்க, முன்பாதத்தை மட்டும் 15 தடவை தூக்கி இறக்குங்கள். இடுப்பின் பக்கத்துக்கு: பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்கும்போது அது உடம்பின் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும், கால்விரல் மேலே பார்க்கக் கூடாது. மல்லாந்து சரிந்தால் இடுப்பின் முன்தசை வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். உள்தொடைக்கு: பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி, மேல்காலின் முழங்காலை நாற்காலியில் வைத்து இடுப்பைத் தூக்கி 15 நொடி நில்லுங்கள். பந்து விளையாடுகிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியைப் பல் தேய்க்கும்போது முடித்துவிடலாம். 2022-இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வில், 51 முதல் 75 வயது வரையுள்ளவர்களில் 10 நொடி ஒற்றைக்காலில் நிற்க முடியாதவர்களிடையே அடுத்த ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது. சமநிலை இல்லாததே இறப்புக்குக் காரணம் என்று இதற்குப் பொருள் இல்லை. உடம்பின் பொதுவான நிலையை அது காட்டிக் கொடுக்கிறது. 10 நொடி வராதவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் சுவர் இருக்கும்படி பழக வேண்டும்.

வாரத்தில் எப்படி அடுக்குவது

முதல் நாள்: ஸ்குவாட், வழுக்குப் பயிற்சி, நின்றபடி குதிகால் உயர்த்தல், இடுப்புப் பக்கம். இரண்டாம் நாள்: பையோடு இடுப்பு மடக்கல், படியிறக்கம், உட்கார்ந்தபடி குதிகால் உயர்த்தல், உள்தொடை. மூன்றாம் நாள் செய்ய விருப்பமிருந்தால் ஸ்பிளிட் ஸ்குவாட்டோடு முதல் நாளை இன்னொரு தடவை. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை ஆகும். கணைக்கால் முன்பக்கப் பயிற்சியை எதனோடும் சேர்க்கலாம்.

முதல் நான்கைந்து வாரத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால் வருவது. கண்ணாடியில் எதுவும் தெரியாது. தசை பருப்பது தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். தசைநார்கள் இன்னும் மெதுவானவை. அதனால்தான் தொடை தயாராகிவிட்டது என்று சுமையை மளமளவென்று ஏற்றுகிறவர்களுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழேயும் குதிகாலிலும் வலி வருகிறது. புரதம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவைப்படும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 72 முதல் 96 கிராம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவைக் கூட்டக் கூடாது.

தோற்றத்தில் எது மாறும், எது மாறாது

தொடைப் பயிற்சி தொடையிலுள்ள கொழுப்பைத் தனியாகக் கரைக்காது. கொழுப்பு எங்கிருந்து முதலில் குறையும் என்பதை மரபணுவும் ஹார்மோனும் தீர்மானிக்கின்றன. தொடைகளுக்கு நடுவில் இடைவெளி இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் இடுப்பெலும்பின் அகலத்தையும் தொடை எலும்பு பொருந்தியிருக்கும் கோணத்தையும் பொறுத்தது. ஆடுசதை உயரத்தில் முடிந்து கீழே நீண்ட தசைநார் தொங்குகிறதா, கணுக்கால்வரை தசை இறங்குகிறதா என்பதும் பிறவி அமைப்பு. தொடையில் குழி குழியாகத் தெரியும் செல்லுலைட் வளர்ந்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது, ஒல்லியானவர்களுக்கும் கூட. அது நோய் இல்லை, களிம்பால் மறைவதும் இல்லை.

‘கால் பருத்துவிடுமோ’ என்று பயந்து சுமையைத் தவிர்ப்பவர்கள் நிறைய. வாரம் இரண்டு நாள் பயிற்சியில் ஓர் ஆண்டுக்குச் சேரும் தசை, உடையின் அளவை மாற்றும் அளவுக்குப் போவது அபூர்வம். பயிற்சி முடிந்த உடனே தொடை இறுக்கமாக, பெரிதாகத் தெரிவது ரத்தமும் நீரும் நிறைந்ததால். சில மணி நேரத்தில் வடிந்துவிடும். நாடாவால் அளப்பதென்றால் காலையில், பயிற்சிக்கு முன், இடுப்பு மடிப்புக்கும் முழங்கால் சில்லுக்கும் நடுப்புள்ளியில், நின்றபடி, மாதம் ஒரு தடவை மட்டும். தினமும் அளந்தால் நீங்கள் அளப்பது நாடாவின் இறுக்கத்தைத்தான். இரண்டு கால்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. ஆனால் ஒரு காலின் ஆடுசதை மட்டும் புதிதாக மெலிந்து பலமும் குறைந்தால், அது நரம்புப் பிரச்சினையாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வலி வந்தால்

பயிற்சி செய்த ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தசை முழுவதும் பரவலாக வலிப்பது இயல்பு. அதே தசையை லேசாக அசைத்தால் சீக்கிரம் குறையும். மூட்டிலோ தசைநாரிலோ வலி என்றால் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். மூன்றுவரை இருந்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முதல் சில அடிகளில் வலி நேற்றைவிட அதிகம் என்றால் நேற்றைய அளவு அதிகம்: சுமையை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், பயிற்சியை முழுதாக நிறுத்திவிட வேண்டாம். முழு ஓய்வில் தசைநார் இன்னும் பலவீனமாகும்.

இரவில் ஆடுசதை பிடித்து இழுத்தால் முழங்காலை நீட்டி, பாதத்தை உங்களை நோக்கி மடக்கிப் பிடியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் பொதுவாக விட்டுவிடும்.

இவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது என்றால், குறிப்பாக நீண்ட பயணத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ பிறகு, அது ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். தேய்த்துவிடவோ நீவவோ வேண்டாம், அன்றே மருத்துவமனை. கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் அவசர ஊர்தி. கடுமையான பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலும் அதே அவசரம், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. குதிகாலுக்கு மேலே யாரோ உதைத்ததுபோல் பட்டென்று ஒரு சத்தம் வந்து, அதன்பின் நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் தசைநார் அறுந்திருக்கலாம். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் ஆடுசதை வலித்து, நின்றதும் அடங்கி, மறுபடி அதே தூரத்தில் வருகிறது என்றால் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புகைபிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதை மூட்டுவலி என்று தள்ளிப்போட வேண்டாம். பாதத்தில் உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் பயிற்சி செய்யாமல், முடித்தபின் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விட்டுப்போனால்

ஒரு வாரம் விட்டுப்போனால் ஒன்றும் குறையாது. விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம். மூன்று வாரம் ஆகிவிட்டால் பையில் மூன்றில் இரண்டு பங்கு எடையோடு, இரண்டு சுற்று மட்டும். இரண்டு மாதம் தாண்டினால் சோதனைகளை மறுபடி செய்து, சுமையில்லாமல் நாற்காலியிலிருந்தே தொடங்குங்கள். முன்பு எட்டிய அளவு முதல் தடவையைவிட விரைவாகத் திரும்பி வரும். அவசரப்பட்டு பழைய எடையை முதல் நாளே தூக்கினால் வழுக்குப் பயிற்சியிலும் படியிறக்கத்திலும்தான் முதலில் அடிபடும். அந்த இரண்டையும் பாதி எண்ணிக்கையில் வைத்து முதல் இரண்டு வாரத்தை ஓட்டுங்கள்.